மூளை ரத்தக்கசிவு: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

2005 டிசம்பர் 18 அன்று இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோனுக்கு லேசான பக்கவாதம் வந்தது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சிறிய ரத்தக்கட்டி ஒன்று அடைத்திருந்தது. விரைவிலேயே தேறி, இரண்டு நாளில் வீடு திரும்பினார். இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாமல் போன சிறு துளை அவருக்கு இருந்தது. அதன் வழியாகக் கட்டி மூளைக்கு ஏறியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். துளையை அடைக்க ஜனவரி 5-ஆம் தேதி குறிக்கப்பட்டது. அதுவரை இன்னொரு கட்டி உருவாகிவிடக் கூடாதே என்று, ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸாபரின் ஊசி போட்டு வந்தார்கள். சிகிச்சைக்கு முதல் நாள் இரவு, நெகேவ் பாலைநிலத்தில் இருந்த பண்ணை வீட்டில் அவர் உடல்நிலை திடீரென்று மோசமானது. ஆம்புலன்ஸ் ஜெருசலேமின் ஹடாசா மருத்துவமனையை அடைந்தபோது மூளைக்குள் ரத்தம் பெருகியிருந்தது. மணிக்கணக்கில் ஆபரேஷன்கள் நடந்தன. எட்டு ஆண்டுகள் கோமாவில் கிடந்து 2014 ஜனவரி 11 அன்று இறந்தார்.

ஷரோனுக்கு நேர்ந்ததை வைத்து மருத்துவ உலகம் அப்போது இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அவருடைய மூளையின் சிறு ரத்தக்குழாய்களில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து சுவர்கள் நலிந்திருந்தன என்று இஸ்ரேல் நாளிதழ்கள் எழுதின. அப்படிப்பட்டவருக்கு அந்த ஊசியைப் போட்டிருக்கலாமா என்பதுதான் விவாதம். பொதுமக்கள் மனத்தில் இந்த நுணுக்கமெல்லாம் தங்கவில்லை. ‘ரத்தத்தை இளக்க மருந்து கொடுத்தார்கள், மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது’ என்ற ஒற்றை வரிதான் தங்கியது. நம் ஊரிலும் அந்த வரிக்குப் பலம் அதிகம். இதய வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்கள், கால் நரம்பில் ரத்தம் கட்டியவர்கள் எனப் பலர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை நம்பி இருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு மூளையில் கசிவு என்று காதில் விழுந்ததும், யாரையும் கேட்காமல் மாத்திரையை ஓரம்கட்டிவிடுபவர்கள் அவர்களில் உண்டு. இது உயிருக்கு உலை வைக்கும் முடிவு. இந்த மாத்திரைகள் ரத்தக்குழாயை உடைப்பதில்லை. வேறு காரணத்தால் உடைந்த குழாய் தானாக அடைபட முடியாமல் செய்கின்றன. உடைவது ஒரு நோயால், அடைபடாதது ஒரு மருந்தால் என்று பிரித்துப் பார்த்தால்தான், தடுக்க வேண்டியது எங்கே என்பது புரியும். இன்று அந்தத் தடுப்பில் பெரும்பகுதி மாத்திரை டப்பாவில் இல்லை, பிரஷர் மெஷினில் இருக்கிறது.

குழாய் எங்கே உடைகிறது?

மூளையின் அடிப்பகுதியில் ஓடும் பெரிய தமனிகளிலிருந்து, மூளையின் ஆழத்துக்கு நேர்க்கோணத்தில் கிளைத்துப் போகும் நுண்ணிய தமனிகள் உண்டு. இவற்றின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக்குழாய் படிப்படியாகக் கிளைத்துச் சிறுத்துக்கொண்டே போவதால் அழுத்தமும் படிப்படியாகத் தணியும். இங்கே அந்த வசதி இல்லை. பெரிய தமனியின் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இந்த மெல்லிய கிளைகளைத் தாக்குகிறது. பல ஆண்டுகள் உயர் ரத்த அழுத்தம் நீடித்தால் சுவரிலுள்ள தசை நார்கள் அழிந்து, சுவர் நலிந்துபோகிறது. 1868-இல் பாரிஸ் மருத்துவர்கள் ஷார்கோவும் பூஷாரும், கசிவால் இறந்தவர்களின் மூளையில் இத்தகைய நுண்தமனிகள் கடுகளவு புடைத்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். புட்டாமென், தாலமஸ், மூளைத்தண்டு, சிறுமூளை ஆகிய ஆழமான இடங்களில் வரும் கசிவுகளுக்குப் பெரும்பாலும் இந்த அழுத்த நோயே காரணம். அமிலாய்டு படிவது இன்னொரு நோய். அது முதுமையில் வருவது. மூளையின் மேற்பரப்பை ஒட்டிய குழாய்களைப் பிடிக்கும். சி.டி. ஸ்கேன் படத்தில் சாம்பல் நிற மூளைக்கு நடுவே கசிந்த ரத்தம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டு ஆழத்தில் இருக்கிறதா, விளிம்பில் இருக்கிறதா என்று பார்த்தே, குழாயை உடைத்தது எந்த நோய் என்பதை நரம்பியல் மருத்துவர் பெரும்பாலும் ஊகித்துவிடுவார். இந்த இரண்டு நோய்களில் எதையும் மாத்திரை உண்டாக்குவதில்லை.

மாத்திரையின் பங்கு அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது. கனடா நாட்டு நரம்பியல் அறிஞர் மில்லர் ஃபிஷர், இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்து, 1971-இல் ஒரு விளக்கம் தந்தார். முதலில் ஒரு குழாய் உடைகிறது. அங்கே சேரும் ரத்தம் வீங்கிப் பக்கத்திலுள்ள சிறு குழாய்களை இழுத்துக் கிழிக்கிறது. அவையும் கசிய, வீக்கம் இன்னும் பெருகுகிறது. ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மணிக்கணக்கில் வளரும் சங்கிலி இது. ரத்தம் உறையும் ஆற்றலோடு இருந்தால் பல சமயம் இந்தச் சங்கிலி தொடக்கத்திலேயே அறுந்துபோகும். வயதான பலருடைய எம்.ஆர்.ஐ. படங்களில், எந்த அறிகுறியும் காட்டாமல் கசிந்து தானாக அடைபட்ட இடங்கள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவருக்கு அந்த அடைப்பு தாமதமாகிறது, கசிவு பெரிதாகிறது. பழைய உறைவுத் தடுப்பு மாத்திரையான வார்ஃபரின் எடுக்கும்போது மூளையில் கசிவு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறப்பது இதனால்தான். பிரிட்டனில் 1,490 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியான குரோமிஸ்-2 ஆய்வு இதை எண்ணில் காட்டியது. இதயத் துடிப்புக் கோளாறால் பக்கவாதம் வந்து, உறைவுத் தடுப்பு மருந்து தொடங்கியவர்கள் அவர்கள். மூளையில் கறுப்புப் புள்ளி இல்லாதவர்களில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 2.6 பேருக்குக் கசிவு வந்தது. புள்ளி இருந்தவர்களில் 9.8 பேருக்கு வந்தது. மருந்து இருவருக்கும் பொது. வேறுபட்டது குழாயின் நிலை.

மாத்திரையே இல்லாத ஒரு மரணமும் இதற்குச் சான்று. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அளந்த ரத்த அழுத்தம் 186/108. அக்காலத்தில் பிரஷரைக் குறைக்க உருப்படியான மருந்து கிடையாது. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில் அவர் தலைவலி என்று சொல்லி நினைவிழந்தபோது அளந்த அழுத்தம் 300/190. அன்றைக்கே மூளை ரத்தக்கசிவில் இறந்தார். அழுத்தம் மட்டுமே போதும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிவு கிடைப்பது அரிது.

எதற்காக இந்த மாத்திரை?

கசிவின் கணக்கை மட்டும் பார்த்து மாத்திரையை எடைபோட முடியாது. அது தடுக்கும் அடைப்பின் கணக்கையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும் நோயை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிறார்கள். நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தம் உறையும், உறைந்த கட்டி மூளைக்குப் பாயும். தொடக்ககால வார்ஃபரின் ஆய்வுகள் ஐந்தைச் சேர்த்து 1994-இல் பார்த்தபோது, மருந்து எடுக்காதவர்களில் ஆண்டுக்கு 4.5 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்தது. வார்ஃபரின் எடுத்தவர்களில் 1.4 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. அதாவது 1,000 பேரில் 45 என்பது 14 ஆகக் குறைந்தது. கசிவின் எண்ணை 2011-இல் வெளியான அரிஸ்டாட்டில் ஆய்வில் பார்க்கலாம். 18,201 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் வார்ஃபரின் எடுத்தவர்களில் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 8 பேருக்கு மண்டை ஓட்டுக்குள் கசிவு வந்தது, புதிய மருந்தான அபிக்சபான் எடுத்தவர்களில் சுமார் 3 பேருக்கு. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை நேரடியாகக் கூட்டிக் கழிக்கக் கூடாது என்பது சரி. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் தாழ்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

‘உறைவுத் தடுப்பு மாத்திரை வேண்டாம், பாதுகாப்பாக ஆஸ்பிரின் மட்டும் போதும்’ என்ற சமரசம் நம் குடும்பங்களில் மட்டுமல்ல, மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. அந்தச் சமரசத்தையும் 2011-இலேயே சோதித்துவிட்டார்கள். வார்ஃபரின் ஒத்துவராது என்று கருதப்பட்ட 5,599 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரினும் மறுபாதிக்கு அபிக்சபானும் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் அணியில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ உடம்பின் வேறிடத்தில் ரத்தக்குழாய் அடைப்போ வந்தது. அபிக்சபான் அணியில் 1.6 சதவீதம். மண்டை ஓட்டுக்குள் கசிவு வந்தவர்கள் ஆஸ்பிரின் அணியில் 13 பேர், அபிக்சபான் அணியில் 11 பேர். பாதுகாப்பு என்று நம்பி எடுத்த மாத்திரை கசிவையும் குறைக்கவில்லை, அடைப்பையும் போதிய அளவு தடுக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வது இதற்குப் பொருந்தும்.

புதிய மாத்திரையும் பழைய மாத்திரையும்

அப்படியானால் எல்லோரையும் புதிய மருந்துக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? பாதி தீரும். டபிகாட்ரன், ரிவராக்சபான், அபிக்சபான், எடாக்சபான் என்ற நான்கு புதிய மருந்துகளின் பெரிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-இல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்கில் 71,683 நோயாளிகள் இருந்தார்கள். வார்ஃபரினோடு ஒப்பிட்டால் மண்டை ஓட்டுக்குள் கசிவு பாதியாகக் குறைந்திருந்தது. வயிறு, குடல் கசிவு மட்டும் கால் பங்கு கூடியிருந்தது. இதே மாத்திரை வயிற்றில் கசிவைக் கூட்டி மூளையில் குறைக்கிறது என்றால், ‘ரத்தம் இளகினால் எங்கும் கசியும்’ என்ற பொதுவான அச்சம் அப்படியே உண்மையல்ல என்றாகிறது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் திசுக்காரணி என்ற புரதம் செறிந்திருக்கிறது. குழாய் உடைந்ததும் அது ஏழாம் உறைகாரணியோடு சேர்ந்து உறைதலைத் தொடங்கி வைக்கும். வார்ஃபரின் அந்த ஏழாம் காரணியையும் குறைத்துவிடுகிறது. புதிய மருந்துகள் அதை விட்டுவைக்கின்றன. இந்த வேறுபாட்டுக்கு ஆய்வாளர்கள் தரும் முக்கியமான விளக்கம் இதுவே.

மீதிப் பாதி தீராததற்கு இந்தியாவில் தனிக் காரணம் உண்டு. சிறுவயதுத் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வுகளைச் சுருக்கிவிடும் நோய் பணக்கார நாடுகளில் அருகிவிட்டது; இங்கே இன்னும் இருக்கிறது. அப்படி வால்வு கெட்டவர்களுக்காகத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. கோபால்ட் உலோகக் கலவையால் ஆன வளையம், அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒற்றை பிளாஸ்டிக் வட்டத் தகடு, இதயத்தோடு வைத்துத் தைக்க பாலியஸ்டர் துணி விளிம்பு, அவ்வளவுதான் அது. இத்தகைய செயற்கை வால்வு எதைப் பொருத்தினாலும் அதில் ரத்தம் உறையும். ஆயுள் முழுக்க உறைவுத் தடுப்பு மருந்து வேண்டும். அந்த இடத்தில் புதிய மருந்துகள் தோற்றுவிட்டன. செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு டபிகாட்ரன் கொடுத்துப் பார்த்த ஆய்வு, கட்டிகளும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டு 2013-இல் அதன் முடிவு வெளியானது. ருமாட்டிக் நோயோடு துடிப்புக் கோளாறும் உள்ள நான்காயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளியானது. இந்தியாவும் பங்கேற்ற அந்த ஆய்வில் ரிவராக்சபானைவிட வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களே அதிகம் பிழைத்தார்கள். ஆகவே அசிட்ரோம், வார்ஃப் என்று மருந்துச்சீட்டில் எழுதப்படும் பழைய மருந்துகள் நம்மைவிட்டு உடனே போகப்போவதில்லை.

பழைய மருந்தோடு வாழ்வதென்றால், ரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட்டோடு வாழ்வது. சாதாரண ரத்தத்தின் ஐ.என்.ஆர். சுமார் 1. துடிப்புக் கோளாறுக்கு 2 முதல் 3 வரை வைத்திருக்க வேண்டும். மைட்ரல் வால்வு இடத்தில் செயற்கை வால்வு இருந்தால் 2.5 முதல் 3.5 வரை. 4-ஐத் தாண்டினால் கசிவு அபாயம் வேகமாக ஏறும். வால்வு நோயாளிகள் கையில் வைத்திருக்கும் நோட்டைப் புரட்டினால் தேதி, ஐ.என்.ஆர். எண், அன்றைக்கு மருத்துவர் மாற்றிய மில்லிகிராம் அளவு என்று மூன்று பத்திகள் இருக்கும். அந்த எண் திடீரென்று எகிறிய தேதிகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு மருந்து ஒளிந்திருக்கும். வயிற்றுப்போக்குக்கு எடுத்த மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்கு எடுத்த கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கு எடுத்த ஃபுளுகோனசோல் எல்லாமே வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டுபவை. மெடிக்கல் ஷாப்பில் மூட்டுவலிக்குக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் ஐ.என்.ஆர். எண்ணில் தெரியாமலே கசிவைக் கூட்டும். கீரை சாப்பிட்டால் ஆபத்து என்று கீரையையே ஒதுக்குகிறார்கள்; கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வீரியத்தைக் குறைக்குமே தவிரக் கசிவை வரவழைக்காது. ஒரு வாரம் கட்டுக்கட்டாகச் சாப்பிட்டு மறுவாரம் தொடாமல் இருப்பதுதான் எண்ணை ஆட்டும். இதிலும் ஒன்றை மறக்கக் கூடாது. வார்ஃபரின் எடுக்கும்போது மூளையில் கசிவு வந்தவர்களில் பெரும்பாலோரின் ஐ.என்.ஆர். கட்டுமீறி இருந்ததில்லை, இருக்க வேண்டிய எல்லைக்குள்ளேயே இருந்தது. எண்ணைச் சரியாக வைத்தும் கசிந்தது ஏன் என்று கேட்டால், பதில் மறுபடியும் குழாய்ச் சுவருக்கும் அதன்மேல் மோதும் அழுத்தத்துக்கும்தான் போகிறது.

கைக்கெட்டிய பரிகாரம்

அழுத்தத்தைக் குறைத்தால் கசிவு குறையுமா என்பதற்கு ஊகம் தேவையில்லை. ஏற்கெனவே பக்கவாதம் வந்த 6,105 பேரிடம் நடந்த புராக்ரஸ் ஆய்வு 2001-இல் வெளியானது. பெரிண்டோபிரில், இண்டாபமைடு என்ற சாதாரண பிரஷர் மாத்திரைகளே அதில் கொடுக்கப்பட்டன. மூளைக்குள் ரத்தக்கசிவு சுமார் பாதியாகக் குறைந்தது. அந்த ஆய்வில் ஆஸ்பிரின் உள்ளிட்ட ரத்தக்கட்டித் தடுப்பு மருந்து எடுத்தவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோதும் மண்டை ஓட்டுக்குள் கசிவு இதே போலக் குறைந்திருந்தது. ஜப்பானில் இத்தகைய மருந்துகள் எடுக்கும் 4,009 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வு ஒரு எல்லைக்கோட்டையே தந்தது: ரத்த அழுத்தம் 130/81-ஐத் தாண்டியவர்களிடம் மூளைக்கசிவு அபாயம் தெளிவாகக் கூடியது. ‘140 இருக்கிறது, வயசுக்கு அது பரவாயில்லை’ என்று சொல்லும் நம் வழக்கம், இந்த மாத்திரை எடுப்பவரிடம் எடுபடாது. விலையுயர்ந்த புதிய மருந்து எந்த அளவுக்குக் கசிவைக் குறைக்கிறதோ, ஏறத்தாழ அதே அளவுக்கு மலிவான பிரஷர் மாத்திரையும் குறைக்கிறது. செயற்கை வால்வு இருப்பதால் புதிய மருந்துக்கு மாற முடியாதவருக்கும் அது கைகொடுக்கும்.

இன்னொரு பரிகாரம், வேண்டாத இரட்டை மருந்தை விலக்குவது. ஸ்டென்ட் வைத்த புதிதில் ஆஸ்பிரின் வகையும் உறைவுத் தடுப்பு மருந்தும் சேர்ந்து தேவைப்படலாம். ஓராண்டு கழிந்து இதயம் நிலைப்பட்ட பிறகும் பழைய சீட்டையே காட்டி இரண்டையும் வாங்கிக்கொண்டிருப்பது கசிவை விலைக்கு வாங்குவது. ஜப்பானின் அஃபையர் ஆய்வில் அப்படிப்பட்ட 2,236 பேரில் ஒரு பாதிக்கு ரிவராக்சபான் மட்டும் கொடுத்தார்கள்; மறுபாதிக்கு அதோடு இன்னொரு மருந்தும் சேர்த்தார்கள். இரண்டும் சேர்த்து எடுத்தவர்களிடம் இறப்பு கூடியதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முடிவு 2019-இல் வெளிவந்தது. கூடுதல் மருந்து கசிவைத்தான் கூட்டியது. கூடுதலாக எதையும் காக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கான கட்டமைப்பு ஓரளவு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அதற்கு முன் மாநில அரசு எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது; அவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அது கட்டுக்குள் இல்லை. உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்களும் இதே மக்கள்தொகையைச் சேர்ந்தவர்கள்தான். வீடு தேடிப் போகும் ஊழியர் ஒருவர் அசிட்ரோம் அட்டையைக் கண்டால் அந்த வீட்டுப் பிரஷர் எண்ணை இருமடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும் என்று ஒரு வரி விதி போதும். பெரிய செலவு ஏதும் இல்லை.

மறுப்புகளும் அவற்றின் நியாயமும்

முதல் மறுப்பு வார்ஃபரினின் பூர்வீகத்தைப் பற்றியது. ‘அது எலி மருந்துதானே?’ ஆம், 1948-இல் எலி மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. கெட்டுப்போன இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்ததை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் குழு ஆராய்ந்ததிலிருந்து பிறந்த மருந்து அது. 1951-இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த இளைஞர் ஒருவர் தற்கொலை செய்துகொள்ள அதை நிறைய விழுங்கினார். வைட்டமின் கே கொடுத்ததும் முழுமையாகப் பிழைத்தார். மாற்றுமருந்து கைவசம் உள்ள பொருள் என்பது அதிலிருந்து தெரிந்தது. மனிதர்களுக்குக் கொடுக்க 1954-இல் அனுமதி கிடைத்தது. எலியைக் கொல்வதும் மனிதரைக் காப்பதும் அளவின் வித்தியாசம். இரண்டாவது மறுப்பு, ‘வயதானவர், கீழே விழுந்தால் மண்டையில் ரத்தம் கசியுமே’ என்பது. கனடா ஆய்வாளர்கள் 1999-இல் இதைக் கணக்குப் போட்டார்கள். துடிப்புக் கோளாறுள்ள முதியவர் வார்ஃபரினால் அடையும் நன்மையை விழுவதால் வரும் கசிவு விழுங்க வேண்டுமானால், அவர் ஆண்டுக்குச் சுமார் 295 முறை விழ வேண்டும். அது மாதிரிக் கணக்குதான். ஆனாலும் அச்சத்துக்கும் அளவுக்கும் உள்ள தூரத்தை அது காட்டுகிறது.

மூன்றாவது மறுப்பு கனமானது. அடைப்பால் பக்கவாதம் வந்தால் விதி என்று விட்டுவிடலாம். கசிவு வந்தால் நாம் கொடுத்த மாத்திரையால் வந்ததாகும். கொடுத்த கை உறுத்தும். இந்த உறுத்தல் மருத்துவர்களையும் விடுவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஆய்வு 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தன் நோயாளி ஒருவருக்கு வார்ஃபரினால் பெரிய கசிவு வந்ததைப் பார்த்த மருத்துவர், அடுத்த மூன்று மாதங்களில் மற்ற நோயாளிகளுக்கு அதை எழுதுவது 21 சதவீதம் குறைந்தது. மருந்து எழுதாததால் தன் நோயாளிக்கு அடைப்பு வந்ததைப் பார்த்தவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. செய்ததால் வந்த கேடு கண்ணில் நிற்கிறது. செய்யாததால் வந்த கேடு கணக்கிலேயே ஏறுவதில்லை. மனித இயல்பு என்று இதைப் புரிந்துகொள்ளலாம், நியாயம் என்று ஏற்க முடியாது. மாத்திரையை நிறுத்தி, அடைப்பால் கையும் காலும் பேச்சும் போனவருக்கும் அந்த முடிவை எடுத்தவர் பொறுப்புத்தான்.

இந்த வாதம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை மூளையில் கசிவு வந்து பிழைத்தவரின் கணக்கு வேறு. துடிப்புக் கோளாறுள்ள அப்படிப்பட்ட 319 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த பிரெஸ்டீஜ்-ஏஎஃப் ஆய்வு 2025-இல் வெளியானது. புதிய உறைவுத் தடுப்பு மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டுமே அடைப்புப் பக்கவாதம் வந்தது. எடுக்காதவர்களில் 20 பேருக்கு வந்தது. ஆனால் மறுபடி கசிவு வந்தவர்கள் எடுத்தவர்களில் 11 பேர், எடுக்காதவர்களில் ஒருவர். இரண்டு பக்கமும் இவ்வளவு நெருங்கி நிற்கும்போது பொதுவிதி செல்லாது. அமிலாய்டு நோயால் விளிம்பில் கசிந்தவருக்கு மருந்தைத் தவிர்ப்பதும், இதயத்தில் கட்டி உருவாகும் சிறு பையைக் கருவி வைத்து அடைப்பதும் பரிசீலிக்க வேண்டியவை. ஷரோனின் மருத்துவர்கள்மேல் எழுந்த கேள்வி இந்த இடத்தைச் சேர்ந்தது. அதை எல்லா நோயாளிக்கும் நீட்டினால்தான் தவறு.

முதல் ஒரு மணி நேரம்

எல்லாம் சரியாக இருந்தும் கசிவு வந்துவிட்டால்? ஃபிஷர் சொன்ன சங்கிலி மணிக்கணக்கில் வளர்வது என்பதே நம்பிக்கைக்கு இடம் தருகிறது. இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 121 மருத்துவமனைகளில் 7,036 நோயாளிகளிடம் நடந்த இன்டராக்ட்-3 ஆய்வு 2023-இல் வெளியானது. மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே கொண்டுவருவது, வார்ஃபரின் எடுத்தவரின் ஐ.என்.ஆர். எண்ணை 1.5-க்குக் கீழே இறக்குவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது ஆகியவற்றைச் சிகிச்சை தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிட முயல வேண்டும் என்பதே அதன் திட்டம். இறப்பும் ஊனமும் குறைந்தன. ஆடம்பரக் கருவி எதுவும் இல்லை. சாதாரண வேலைகளைத் தாமதமில்லாமல் சேர்த்துச் செய்ததுதான் வித்தியாசம். ஐ.என்.ஆர். எண்ணை இறக்குவதில் மட்டும் நம் மருத்துவமனைகள் பின்தங்கியிருக்கின்றன. வைட்டமின் கே ஊசி மலிவு, ஆனால் வேலை செய்யப் பல மணி நேரம் எடுக்கும். உறைநிலையிலுள்ள பிளாஸ்மாவை உருக்கி ஏற்றுவதுதான் பல இடங்களில் நடைமுறை. உறைகாரணிகளைச் செறிவாகத் தரும் புரோத்ராம்பின் காம்ப்ளக்ஸ் ஊசியோடு ஜெர்மனியில் 2016-இல் அதை ஒப்பிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் ஐ.என்.ஆர். இயல்புக்கு வந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 9 சதவீதம், செறிவூசி பெற்றவர்களில் 67 சதவீதம். விலை அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் பக்கவாத சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இந்த ஊசி இருப்பில் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவரும் அவர் குடும்பமும் செய்ய வேண்டியது சில காரியங்கள்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தத் தோன்றினால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். வீட்டில் பிரஷர் பாருங்கள். 130-க்கு மேல் நிற்கிறதென்றால் அதைக் குறைத்துத் தரும்படி கேளுங்கள். வேறு எந்த மருந்து வாங்கினாலும், நாட்டு மருந்தாக இருந்தாலும், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஆஸ்பிரினும் சேர்த்து எடுப்பவர் அது இன்னும் தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசி ஐ.என்.ஆர். எண் எழுதிய சீட்டு ஒன்று சட்டைப்பையிலோ பர்ஸிலோ எப்போதும் இருக்கட்டும். திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, வாய் கோணல், ஒரு பக்கம் கைகால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல் என்று எது வந்தாலும் 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். போனதும் முதலில் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.